தரையைப் பார்த்துப் பிடித்த இடம்

கட்டிலைக் கட்டிலாகப் பயன்படுத்துவதை அந்த வீட்டில் விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. பகலெல்லாம் அதன்மேல் திரைச்சீலைத் துணி குவிந்து கிடக்கும். படுக்கப் போகும்போது அண்ணனும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை இறக்கி வைக்க வேண்டும். துணி இறங்கிவிடும், குண்டூசி இறங்காது. அண்ணன் அலுவலக நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருவார். ஏன் என்று கேட்டவர்களிடம், வீட்டில் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

அண்ணன், அண்ணி என்பதெல்லாம் பாப்பா கூப்பிடுகிற முறை. பாப்பா அண்ணனுடைய ஒரே தங்கை. ஒத்துவராத கல்யாணத்தை முறித்துக்கொண்டு, ஒரு தையல் மெஷினோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் வீட்டுக்குள் அவள் பாப்பாதான். பார்சல் எடுக்க வருகிறவர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை அவளைப் பார்த்து எல்லோரும் அண்ணன், அண்ணி என்றே கூப்பிடப் பழகி, கடைசியில் அந்த வீட்டில் யாருக்கும் வேறு பெயர் இல்லாமல் போய்விட்டது.

வியாபாரத்தை ஆரம்பித்தவள் அண்ணி. பாப்பா சும்மா இருக்க முடியாமல் ஹால் சன்னலுக்குத் தைத்துப் போட்ட திரையை அண்ணி படம் எடுத்து இணையத்தில் போட்டாள். நாலு பேர் விலை கேட்டார்கள். நாலு பேர் நாற்பது பேராகி, இப்போது ஃபோன் வாயை மூடுவதே இல்லை. துணி வாங்குவது, படம் போடுவது, பேரம் பேசுவது, கோபக்காரர்களைச் சமாளிப்பது எல்லாம் அண்ணி. வெட்டுவதும் தைப்பதும் பாப்பா. அண்ணிக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. நடந்துகொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே மடிப்பாள், மடித்துக்கொண்டே பார்சல் ஒட்டும் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழிப்பாள். பாப்பா அதற்கு நேர்மாறு. மெஷின் முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எழுப்புவதற்கு ஆள் போக வேண்டும்.

துணி வெட்டுவதில் அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. வழுக்குகிற துணியை டேப் வைத்து அளப்பதென்றால் பிடிக்க ஒருவர், அளக்க ஒருவர் வேண்டும். அந்த வீட்டு ஹாலில் வெளிர் சாம்பல் நிற டைல்ஸ் பதித்திருந்தது. ஒவ்வொன்றும் சரியாக இரண்டடி. துணியின் ஓரத்தை ஒரு கோட்டில் வைத்து உருட்டிவிட்டால் போதும். மடிப்புத் தையலையும் சேர்த்துச் சன்னலுக்கு மூன்று டைல்ஸ், கதவுக்கு நாலு. எந்தக் கோட்டில் முடிய வேண்டுமோ அந்தக் கோட்டின் மேலேயே கத்தரிக்கோலை ஓட்டிவிடலாம். கோணல் வராது, கணக்கும் தப்பாது. அளக்கும் டேப் மெஷின் இழுப்பறைக்குள் எப்போதோ சுருண்டு படுத்துவிட்டது. இந்த முறையில் அண்ணிக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. யார் வந்தாலும் தரையைக் காட்டிச் சொல்லாமல் விட மாட்டாள்.

துணி ரோல்கள் பெருகப் பெருக, பாப்பாவின் மெஷின் இடம் மாறிக்கொண்டே போனது. முதலில் ஹால் சன்னலோரம். அங்கே ரோல்கள் வந்து நின்றதும் சமையலறை வாசல். அங்கே அட்டைப் பெட்டிகள் ஏறியதும் குளியலறைக்குப் போகிற நடை. குளிக்கப் போகிறவர்கள் ஒயரைத் தாண்டிப் போவார்கள். குளித்து வருகிறவர்கள் அவள் தோளில் சொட்டிவிட்டுப் போவார்கள். பாப்பா நாற்காலியை இழுத்து வழி விடுவாள், மறுபடி நகர்த்திக்கொள்வாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாததால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது அண்ணிக்கு வசதியாகவும் இருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது பாப்பா வாயைத் திறந்தாள்.

"யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க அண்ணி. அடுத்த மாசம் சேரச் சொல்றாங்க. இங்க என்னால உக்காந்து தைக்க முடியல. நல்ல இடமா ஒண்ணு பாருங்க, இருக்கேன். இல்லன்னா போயிடுவேன்."

பிசைந்த சோற்றை அண்ணி தட்டிலேயே விட்டாள். பாப்பாவுக்குக் கோபம் வந்து பார்த்ததில்லை. இதுவும் கோபமில்லை, முடிவு. அவள் போய்விட்டால் மிச்சம் இருப்பது துணி மூட்டைதான், வியாபாரம் இல்லை. வேறு தையல்காரர்கள் கிடைப்பார்கள். ஆனால் ஒரு திரையைத் தொங்கவிட்டதும் மடிப்பு தானாக விழுகிற அந்தக் கை வேறு யாருக்கும் வராது என்று அண்ணிக்குத் தெரியும். அதைவிட, அந்த மெஷின் சத்தம் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. இதை அவள் பாப்பாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாளே புரோக்கரைப் பிடித்தாள். எந்த இடத்தையும் குறை சொல்லத் தெரியாத மனிதர் அவர். சுவரில் ஈரம் இருந்தால், கோடையில் குளுகுளுவென்று இருக்கும் என்பார். தகரக் கூரையாக இருந்தால், மழை வந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும் என்பார். அவர் பின்னால் அண்ணியும் பாப்பாவும் தெருத்தெருவாக அலைந்தார்கள். விடுமுறை நாளில் அண்ணனும் சேர்ந்துகொள்வார்.

முதலில் பார்த்தது சாமான்களை வாடகைக்கு வைத்துக்கொள்கிற இடம். நீள நடையின் இரண்டு பக்கமும் ஷட்டர் போட்ட அறைகள், ஆஸ்பத்திரி போலச் சுத்தம். ஆனால் உள்ளே பிளக் பாயிண்ட் கிடையாது, ஆள் உட்காரக் கூடாது, பொருளைப் பூட்டிவிட்டுப் போய்விட வேண்டும். யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று புரோக்கர் சொன்னதும், அப்படியென்றால் அதைத் தன் பெயரில் எடுத்துவிடலாம், தான் அங்கே வந்து படுத்துக்கொள்வதாகச் சொன்னார் அண்ணன். அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

அடுத்தது ஒரு பெரிய கட்டடத்தின் கீழ்த்தளம். ரோல்களை நிற்க வைத்தாலும் படுக்க வைத்தாலும் தாங்கும். ஆனால் பூசணம் பிடித்த வாசனை. வெள்ளைத் துணியில் அந்த வாசனை ஏறினால் அவ்வளவுதான். புரோக்கர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி படியேறிவிட்டாள்.

மூன்றாவது இடம் ஓர் அச்சகத்தின் மாடி. இரண்டு பக்கம் பெரிய சன்னல்கள். பொருளை ஏற்றி இறக்க லிஃப்ட் இருந்தது. பாப்பா உள்ளே போனவள் நேராகச் சன்னல் பக்கம் போய் நின்றுவிட்டாள். அண்ணி நிற்கவில்லை. மூலைக்கு மூலை நடந்தாள், சுவரைத் தட்டினாள், எத்தனை ரோல் நிற்கும் என்று விரல் விட்டு எண்ணினாள், கடைசியில் குனிந்து தரையைப் பார்த்தாள். வெறும் சிமெண்ட் தரை. அவள் முகம் சுருங்கிவிட்டது.

தரைக்கு என்ன என்று பாப்பா கேட்டாள். இதில் கோடு எங்கே இருக்கிறது, எப்படி வெட்டுவது என்றாள் அண்ணி. ஒரு நீள மேஜை போட்டு டேப் வைத்து வெட்டிக்கொள்ளலாமே என்று பாப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். டேப் பிடித்து வெட்டினால் ஒரு நாளைக்கு எத்தனை வெட்டுவாய், ஆர்டர் என்ன ஆகும் என்று அண்ணி பொரிந்து தள்ளிவிட்டாள்.  படி இறங்கும்போது பாப்பா ஒருமுறை சன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி அதற்குள் புரோக்கரிடம் அடுத்த இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த இடம் கடைத்தெருவில். குறுகலாக, நீளமாக, ரயில் பெட்டி மாதிரி ஒரு கடை. முன்னால் ஷட்டர், பின்னால் சுவர், சன்னல் என்பது பேருக்குக்கூட இல்லை. ஆனால் தரையைப் பார்த்ததும் அண்ணிக்குப் பரவசமாகிவிட்டது. அதே வெளிர் சாம்பல் நிறம், அதே மங்கலான கோடு, அதே வழவழப்பு. வீட்டு ஹாலைப் பெயர்த்துக் கொண்டுவந்து போட்டது மாதிரி இருந்தது. அங்கேயே நின்று முன்பணம் கொடுத்துவிட்டாள். பாப்பாவிடம் கேட்டாளா என்றால், கேட்டாள். "நல்லாருக்குல்ல?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை.

குடிபோன வேகத்தைச் சொல்லி முடியாது. இரண்டு சுவரிலும் தட்டு அடித்து ரோல்களை ஏற்றினாள். வெட்டுவதற்காக நடுத் தரையைக் காலியாக விட்டாள். பார்சல் கட்டப் பின்னால் ஒரு மூலை. எல்லாம் போக மிச்சம் இருந்தது ஷட்டர் ஓரம். அங்கே பாப்பாவின் மெஷின், தெருவுக்கு முதுகு காட்டியபடி. லாரி ஹாரன் அடித்தால் பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போடும். பார்சல்காரர் உள்ளே வந்தால் அவளைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். நூல் அறுந்து மறுபடி கோர்ப்பதற்குள் யாராவது பின்னால் வந்து நிற்பார்கள். அண்ணி இதையெல்லாம் பார்த்தாள், ஆனால் கவனிக்கவில்லை. வீட்டில் கட்டில் கட்டிலாகிவிட்டது, அண்ணன் நேராக உட்காருகிறார், பாப்பாவுக்கும் இடம் பிடித்தாகிவிட்டது, எல்லாம் சுபம் என்று அவளுக்கு நினைப்பு. கம்பெனிப் பேச்சைப் பாப்பா எடுக்கவில்லை. ஒழிந்தது தொல்லை என்று அண்ணியும் கேட்கவில்லை.

வீட்டிலேயே வெட்டிக் கொண்டுவந்த துணியெல்லாம் தைத்து முடிகிற சமயத்தில்தான் ஒரு பெண்கள் விடுதியிலிருந்து மொத்தமாக ஆர்டர் வந்தது. ஒவ்வோர் அறையின் பால்கனிக் கதவுக்கும் ஒரே நீலத்தில், ஒரே அளவில் திரை. நாலு டைல்ஸ் நீளம், அவ்வளவுதான் கணக்கு. பாப்பா தலை நிமிராமல் வெட்டினாள், தைத்தாள். முடிக்கும்போது ரோலில் கணிசமாகத் துணி மீந்திருந்தது. இவ்வளவு மிஞ்சாதே என்று பாப்பா யோசனையாகச் சொன்னாள். அண்ணிக்கோ வாயெல்லாம் பல். சிக்கனமாக வெட்டியிருக்கிறாய் என்று முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் பார்சலைக் கட்டி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பதினோரு மணி வாக்கில் விடுதி வார்டன் ஃபோனில் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"என்னம்மா இது, கதவுக்கெல்லாம் அரைக்கால் டவுசர் மாட்டின மாதிரி தொங்குது? பொண்ணுங்க தங்குற இடம். இதைப் போட்டு நான் எதை மறைக்கிறது? நாளன்னைக்குள்ள சரி பண்ணிக் கொடுங்க. இல்லன்னா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க."

அண்ணி ஃபோனை வைத்தாள். அவமானம் உச்சந்தலை வரை ஏறியது. வாசலில் பார்சல்காரர் நின்றுகொண்டிருந்தார், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி விடுவிடென்று போய் மெஷின் மேல் கையை வைத்து நிறுத்தினாள்.

"நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதா உனக்கு? மனசெல்லாம் அந்தக் கம்பெனியில இருந்தா வேலை இப்படித்தான் இருக்கும்."

பார்சல்காரர் சட்டென்று தன் ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார். பாப்பா அண்ணியை ஒரு நிமிஷம் பார்த்தாள். கத்தரிக்கோலை மெஷின் மேல் வைத்தாள், மடியில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டாள். 

அண்ணி கூண்டில் அடைத்த மாதிரி கடைக்குள் நடந்தாள். தண்ணீர் குடித்தாள். ரோலை இழுத்தாள், தள்ளினாள். எத்தனை திரையில் தப்பு என்று தெரிந்தாக வேண்டும். கடை நடுவில் மீதித் துணியை உருட்டி, ஒன்று, இரண்டு என்று சத்தமாகவே எண்ணி, நாலாவது கோட்டில் வெட்டினாள். விடுதிக்குப் போனது போக மாதிரிக்கு என்று வைத்திருந்த ஒரு திரையின் தையலைப் பிரித்து அதன்மேல் விரித்தாள். இரண்டும் அச்சு அசலாக ஒரே நீளம். பாப்பா தப்பாக எண்ணியிருக்கவில்லை.

 அண்ணி மெஷின் இழுப்பறையைத் திறந்து அடியில் கிடந்த டேப்பை எடுத்து டைல்ஸ் மேல் வைத்தாள். இரண்டடிக்கு இரண்டு விரல் குறைவு. பக்கத்து டைல்ஸை அளந்தாள். அதுவும் குறைவு. மண்டி போட்டுக்கொண்டே கடைக்கோடி வரை அளந்துகொண்டு போனாள், ஏதாவது ஒரு டைல்ஸாவது தன்னைக் காப்பாற்றாதா என்று. ஒன்றும் காப்பாற்றவில்லை. நாலு டைல்ஸுக்கு எட்டு விரல், அரைச் சாணுக்கு மேல். நிறத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், வழவழப்பைத் தடவிக்கூடப் பார்த்தாள், அளந்து பார்க்கவில்லை. ஊரெல்லாம் துணி அளந்து விற்கிறவளுக்குத் தரையை அளக்கத் தோன்றவில்லை.

ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று தனக்குள் பேசிக்கொண்டே போனாள். வீட்டு வாசலை மிதித்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. பாப்பா தன் துணிமணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பை அவள் முதன்முதலில் இந்த வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்தது.

"டைல்ஸ் சின்னது பாப்பா. நீ சரியாத்தான் எண்ணியிருக்கே. தப்பு என்னோடது. அந்த ஆளு முன்னாடி அப்படிப் பேசினேன் பாரு, அது அதைவிடப் பெரிய தப்பு."

பாப்பா மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தாள்.

"டைல்ஸ் கிடக்கட்டும் அண்ணி. எத்தனை இடம் பாத்தோம். ஒவ்வொரு இடத்துலயும் ரோல் நிக்குமா, பெட்டி அடங்குமான்னு பாத்தீங்க. தரையைக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்க. நான் எங்க உக்காருவேன்னு ஒரு இடத்துலயாவது பாத்தீங்களா?"

 அச்சகத்து மாடியில் சன்னலோரம் நின்ற பாப்பாவின் முதுகு இப்போதுதான் அண்ணியின் கண்ணுக்குத் தெரிந்தது. குளியலறை நடை தெரிந்தது, ஷட்டர் ஓரம் தெரிந்தது. இவளை இழந்துவிடக் கூடாது என்றுதானே ஊரெல்லாம் அலைந்தோம், அலைந்த அலைச்சலில் இவளை மட்டும் எப்படி மறந்தோம் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி வேலை எதுவும் கையில் இல்லாமல் உட்கார்ந்து பாப்பா பார்த்ததே இல்லை.

"எப்படி இருக்கணும்னு நீயே சொல்லு" என்றாள் அண்ணி.

பாப்பா பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"இடது பக்கம் வெளிச்சம் வேணும். முதுகுக்குப் பின்னாடி கதவு இருக்கக் கூடாது. யார் வந்து பின்னாடி நிக்கிறாங்களோன்னு பயந்துக்கிட்டே தைச்சது அந்த வீட்டோட போகட்டும் அண்ணி."

அந்த வீடு என்றால் எந்த வீடு என்று அண்ணி கேட்கவில்லை. அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பாப்பா அதுவரை வாய் திறந்ததில்லை, அண்ணியும் கேட்டதில்லை. ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அவள் தோள் குலுங்கியதை நினைத்துக்கொண்டாள்.  கையை நீட்டிப் பாப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பாப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பையையும் பிரிக்கவில்லை. விடுதித் திரையைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் போவேன், கெட்டது என் தையலும்தான் என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடி செய்தாள். திரைகளைத் திருப்பி எடுத்துவந்து, மீந்த நீலத் துணியோடு வெள்ளைத் துணியை ஒட்டுக் கொடுத்து, அடியில் அகலமான கரை வைத்துத் தைத்தாள். இந்த முறை மெஷினைக் கடையின் கடைசிச் சுவரோரம் அண்ணியே தூக்கிக்கொண்டு போய், வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். பார்சல் மூலை காலியானதில் பெட்டிகள் நடுத் தரையில் வந்து உட்கார்ந்தன. உட்காரட்டும் என்று விட்டுவிட்டாள். கரை வைத்த திரைகள் முன்னதைவிட அழகாக இருப்பதாக வார்டன் சொன்னதைப் பாப்பாவிடம் ஓடிவந்து சொன்னாள். பாப்பா தலையை மட்டும் ஆட்டினாள். கம்பெனியில் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

புரோக்கரை மறுபடி கூப்பிட்டாள். அச்சகத்து மாடி கைமாறிப் போயிருந்தது. கேட்டதும் அண்ணிக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வேறொன்று இருக்கிறது, முன்னால் புகைப்பட ஸ்டூடியோவாக இருந்த மாடி என்றார் அவர். இப்போது பிடித்திருக்கிற கடைக்குக் கொடுத்த முன்பணத்தில் ஒரு பங்கு போய்விடும் என்று அண்ணன் ஆரம்பித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும், போனால் போகட்டும் என்று அவரே முடித்தும் வைத்தார். பாப்பா முதலில் வரவில்லை என்றாள். பிறகு, பார்க்க மட்டும்தான் வருவேன் என்று சொல்லிக் கிளம்பினாள். அண்ணி மெஷின் நாற்காலியைக் கையோடு தூக்கிக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மாடியில் கதவைத் திறந்துவிட்ட புரோக்கருக்கு இப்போது அண்ணியின் குணம் அத்துபடி. அவளுக்கு முன்னாலேயே குனிந்து தரையைத் துடைத்துக் காட்டினார்.

"தரையைப் பாருங்கம்மா, கண்ணாடி மாதிரி. நீங்க எதிர்பார்த்த மாதிரியே கோடும் இருக்கு."

அண்ணி குனியவில்லை. குனிய வேண்டும் என்று கழுத்து பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தே நின்றாள்.

"என்னைக் கேக்காதீங்க. உக்காரப் போறவங்களைக் கேளுங்க."

பாப்பா நாற்காலியை வாங்கிக்கொண்டாள். கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்தாள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். ஒரு சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இல்லாத மெஷின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். கால் தானாக மிதித்தது. எழுந்து நாற்காலியை எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். மறுபடி உட்கார்ந்தாள். அண்ணி கதவோரம் ஒதுங்கி நின்றாள். இந்த இடமும் பிடிக்காவிட்டால் அவள் போய்விடுவாள், பை இன்னும் கட்டிலடியில் கட்டினபடி கிடக்கிறது, போனால் நான் தடுக்க முடியாது, தடுக்க எனக்கு வாயுமில்லை என்று மனசு அடித்துக்கொண்டது. புரோக்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி கையைக் காட்டி அடக்கினாள்.

பாப்பா எழுந்தாள்.

"மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா கண்ணுல அடிக்கும். இது நமக்குச் சரிப்படாது அண்ணி. வேற இடம் பாப்போம்" என்றாள். பிறகு புரோக்கர் பக்கம் திரும்பி, அடுத்தது எங்கே இருக்கிறது, நடந்து போகிற தூரம்தானா என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

புரோக்கரின் முகம் விழுந்துவிட்டது. அண்ணி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் படி இறங்கினாள். ஓர் இடம் பிடிக்கவில்லை என்று கேட்டு அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.